காசு வாங்கின பிறகு ரூல்ஸை மாத்தாதீங்க: எம்எம்ஓ பப்ளிஷர்களுக்கு ஒரு திறந்த மடல்

எம்எம்ஓ, அதாவது ஆயிரக்கணக்கான பேரு ஒரே உலகத்துல சேந்து, ஆளுக்கொரு கேரக்டரை வளத்து ஆடுற ஆன்லைன் ஆர்பிஜி கேமை விக்கிற, நடத்துற பப்ளிஷர் கம்பெனிகள்ல முடிவு எடுக்கிற எல்லாருக்கும்,

வணக்கம்.

கடலூர்லயும் புதுச்சேரியிலயும் இருக்கிற நாங்க கொஞ்ச பேரு சேர்ந்து நடத்துற ஒரு கில்டு (கேமுக்குள்ள சேந்து விளையாடுற குழு) சார்பா இதை எழுதுறேன். ஓ.டி., மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், அந்தப் பக்கம் முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை, வில்லியனூர்னு ஆளுங்க இருக்காங்க. சிப்காட்ல ஷிஃப்ட் பாக்குறவங்க, நர்சிங் படிக்கிற பொண்ணுங்க, மொபைல் கடையில வேலை பாக்குற பசங்க, குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போயி அங்கருந்தே லாகின் பண்றவங்கன்னு எல்லாரும் உண்டு. வீட்டுல சாப்பாடு எல்லாம் முடிஞ்சு பத்து மணிக்கு மேலதான் வருவோம், சிங்கப்பூர் சர்வர், பிங் (கனெக்‌ஷன் வேகம்) சுமாராத்தான் இருக்கும், இருந்தாலும் ரெய்டு, அதாவது கூட்டமா சேந்து பெரிய அரக்கனை அடிக்கிறதை, ஓட்டிடுவோம்.

சமீபத்துல ஒரு புது எம்எம்ஓ-வோட ட்ரெய்லர் எங்க வாட்ஸ்ஆப் குரூப்புக்கு வந்துச்சு. முன்னெல்லாம் இப்படி ஒண்ணு வந்தா நான் டேங்க் (முன்னாடி நின்னு அடி வாங்குறவன்), நீ ஹீலர் (காயம் ஆத்துறவன்)னு அங்கயே சண்டை ஆரம்பிச்சிடும். இந்த தடவை வந்த முதல் மெசேஜே 'பப்ளிஷர் யாரு?'ங்கிறதுதான், பேரைச் சொன்னதும் 'ஒரு வருஷம் போகட்டும், பாத்துக்கலாம்'னு ஒருத்தர் போட்டாரு, மத்தவங்க அதுக்கு தம்ஸ் அப் போட்டாங்க, பேச்சு அதோட முடிஞ்சுது. கேம் எப்படி இருக்கும்னு ஒருத்தர் கூட கேக்கல. புது உலகம் ஒண்ணு திறக்குதுன்னா ராத்திரி முழிச்சிருந்து முதல் நாளே உள்ள போற கூட்டம் இது, அந்தக் கூட்டம் இப்படி ஆயிடுச்சு, ஏன் ஆச்சுன்னு உங்ககிட்ட நேரா சொல்லணும்னுதான் எழுதுறேன்.

பக் இருக்குன்னு எங்களுக்குக் கோவம் இல்ல. சர்வர் முதல் வாரம் படுத்துக்கும், க்யூவுல நிக்கணும், ஒரு பேட்ச் (அப்டேட்) வந்து நம்ம கிளாஸை (கேரக்டர் வகையை) நெர்ஃப் பண்ணிடும், அதாவது பலத்தைக் குறைச்சிடும், இதெல்லாம் பழகிப்போன விஷயம், எம்எம்ஓ விளையாடுறவனுக்கு இருக்கிற பொறுமை வேற எவனுக்கும் கிடையாது. ரெய்டு டிசைன் பண்றவங்க, மியூசிக் போடுறவங்க, குவெஸ்ட் எழுதுறவங்க மேல எங்களுக்கு இன்னிக்கும் மரியாதை இருக்கு. நம்பிக்கை போனது அவங்க மேல இல்ல, உங்க மேல, அதாவது எதை எவ்வளவுக்கு விக்கலாம், எந்த சர்வரை எப்ப மூடலாம்னு முடிவு பண்றவங்க மேல. காசு வாங்குறப்ப ஒரு பேச்சு, வாங்கின பிறகு ஒரு பேச்சு, எங்க புகார் மொத்தமும் இந்த ஒண்ணுதான்.

பழைய கதையில இருந்து வர்றேன், ஏன்னா நீங்க மறந்திருந்தாலும் எம்எம்ஓ ஆளுங்க எவனும் மறக்கல. ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்னு ஒரு கேம், 2003-ல வந்துச்சு, சோனி ஆன்லைன் எண்டர்டெயின்மென்ட் நடத்துனாங்க. அதுல ஒருத்தன் ஜெடை (ஸ்டார் வார்ஸ் கதையில வர்ற சக்தி வாய்ந்த வீரன்) ஆகணும்னா மாசக்கணக்கா உழைக்கணும், சில பேரு டான்ஸ் ஆடுறவனா, பில்டிங் கட்டுறவனா, மிருகம் பழக்குறவனா அந்த உலகத்துல பொழைப்பு நடத்திட்டு இருந்தாங்க. 2005 நவம்பர்ல ஒரு எக்ஸ்பேன்ஷன் (கேமோட கூடுதல் பகுதி) வித்தாங்க, வித்த சூடு ஆறுறதுக்குள்ள கேமோட அடிப்படையையே மாத்தப் போறோம்னு அறிவிச்சு அதே மாசத்துல மாத்தியும் விட்டாங்க. முப்பதுக்கும் மேல இருந்த தொழில்களைத் தூக்கிட்டு ஒன்பது கிளாஸ் மட்டும் வெச்சாங்க, மாசக்கணக்கா உழைச்சு எடுத்த ஜெடை முதல் நாள் வந்தவன் கூட செலக்ட் பண்ற கிளாஸ் ஆயிடுச்சு. எக்ஸ்பேன்ஷன் வாங்குனவங்க கொதிச்சதும் ரீஃபண்ட் தர்றோம்னாங்க, சரி, அந்தக் காசு திரும்ப வந்துச்சு, அந்த உழைப்பு எப்படித் திரும்ப வரும்? 2011 டிசம்பர்ல கேமையே மூடிட்டாங்க.

அடுத்தது சிட்டி ஆஃப் ஹீரோஸ். 2012 ஆகஸ்ட் 31-ஆம் தேதி அதோட பப்ளிஷர் என்சிசாஃப்ட் கேமை மூடப் போறதா அறிவிச்சாங்க, அன்னிக்கே அதைச் செஞ்சுட்டு இருந்த பாராகன் ஸ்டுடியோவும் காலி, நவம்பர் 30 ராத்திரியோட சர்வரும் காலி. எட்டு வருஷம் ஓடின கேம். அட்லஸ் பார்க்னு அந்த கேம்ல முதல்ல காலெடுத்து வைக்கிற இடம், அங்க பிளேயர்ஸ் எல்லாம் கூடி கையில தீப்பந்தம் பிடிச்சுட்டு நின்னாங்க, மூடாதீங்கன்னு. மூடிட்டாங்க. இதுல எங்களுக்கு ரொம்ப வலிக்கிற விஷயம் இதுக்கப்புறம் வருது. 2019-ல பாத்தா அந்த சர்வரோட ப்ரோக்ராமை வெச்சு ரகசியமா ஒரு கூட்டம் வருஷக்கணக்கா நடத்திட்டு இருந்தது வெளிய வந்துச்சு, அதுலருந்து ஹோம்கமிங்னு ஒரு ரசிகர் சர்வர் வந்துச்சு, கடைசியில 2024 ஜனவரியில என்சிசாஃப்டே அவங்களுக்கு முறையா லைசன்ஸ் குடுத்தாங்க. அப்போ குடுக்க முடியும்! சட்டமும் குறுக்க நிக்கல, டெக்னிக்கலாவும் முடிஞ்சுது, கம்பெனி ஒண்ணும் கவுந்துடல. 2012-லயே இதைச் செஞ்சிருந்தா அந்த தீப்பந்தக் கூட்டத்துல எத்தனை பேரு இன்னும் அதே கேரக்டரை வெச்சு விளையாடிட்டு இருந்திருப்பாங்க. அந்த என்சிசாஃப்ட்தான் வைல்ட்ஸ்டார்ங்கிற எம்எம்ஓ-வையும் 2014-ல திறந்து 2018 நவம்பர்ல மூடுனாங்க. இதுக்கெல்லாம் பிறகு ஒருத்தன் பப்ளிஷர் பேரைக் கேட்டுட்டு ஒதுங்குறான்னா அது அவன் தப்பா?

மூடுறதே குத்தம்னு நாங்க சொல்லல. ஆளு இல்லாத சர்வரை எவ்வளவு நாளு ஓட்டுவீங்க, கரண்ட் பில்லு, சர்வர் வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் இருக்குன்னு எங்களுக்கும் தெரியும். ஆனா எம்எம்ஓ-ல என்ன நடக்குதுன்னு விவரம் தெரியாதவங்களுக்காக சொல்றேன், எங்க போன்லயும் கம்ப்யூட்டர்லயும் இருக்கிறது படமும் சத்தமும்தான், எந்த அரக்கனுக்கு எவ்வளவு உயிரு, என் பையில என்ன பொருள் இருக்கு, யாரு எந்த கில்டு, இந்தக் கணக்கு மொத்தமும் உங்க சர்வர்ல இருக்கு. நீங்க அணைச்சா எங்ககிட்ட இருக்கிற நூறு ஜிபி ஃபைலு குப்பை. யுபிசாஃப்டோட தி க்ரூன்னு ஒரு கார் ரேஸ் கேம், முழுக் காசு குடுத்து வாங்குன கேமு, தனியா ஓட்டுனாலும் சர்வர் வேணும், 2024 மார்ச் 31-ஆம் தேதி அணைச்சாங்க, வாங்குனவன் கையில ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம்தான் ராஸ் ஸ்காட்னு ஒரு யூட்யூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தை ஆரம்பிச்சாரு, ஐரோப்பிய யூனியன்ல அந்த மனுவுக்கு 2025 ஜூலையில கையெழுத்து பத்து லட்சத்தைத் தாண்டிடுச்சு. அவங்க கேக்குறது உங்க சர்வரை ஆயுசுக்கும் ஓட்டுங்கன்னு இல்ல, மூடும்போது பிளேயர்ஸ் ஏதோ ஒரு வழியில தொடர்ந்து விளையாடுற மாதிரி விட்டுட்டுப் போங்கன்னுதான். நாங்க கேக்குறதும் அதுதான்.

இப்போ லூட் பாக்ஸ் (உள்ள என்ன இருக்குன்னு தெரியாம காசு குடுத்து வாங்குற பொட்டி) விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் எங்க ஆளுங்களுக்கு வயிறு எரியுது.

மேப்பிள்ஸ்டோரின்னு கொரியாவோட நெக்ஸான் நடத்துற கேம். அதுல கியூப்னு ஒரு பொருளைக் காசு குடுத்து வாங்கணும், அதை ஆயுதத்து மேல போட்டா அதோட எக்ஸ்ட்ரா சக்தி மாறும், என்ன வரும்னு தெரியாது, நல்லது வர்ற வரைக்கும் வாங்கிப் போட்டுக்கிட்டே இருக்கணும். 2010-ல அதை அறிமுகப்படுத்தி, அதே வருஷம் பிளேயர்ஸ் எதை ரொம்ப ஆசைப்பட்டாங்களோ அது வர்ற வாய்ப்பைக் குறைச்சாங்க, யாருகிட்டயும் சொல்லல. 2011-ல சில காம்பினேஷன் வரவே வராதுங்கிற மாதிரி பூஜ்யமாவே வெச்சுட்டாங்க, அதையும் சொல்லல. ஆளுங்க வருஷக்கணக்கா காசைப் போட்டுக்கிட்டே இருந்தாங்க, எது பூஜ்யமோ அதுக்காக! 2021-ல வாய்ப்பு எவ்வளவுன்னு வெளியிட்டப்பதான் ஊருக்கே தெரிஞ்சுது, 2024 ஜனவரியில அந்த நாட்டு ஃபேர் ட்ரேட் கமிஷன் சுமார் 1,160 கோடி வோன் அபராதம் போட்டாங்க. அதே வருஷம் மார்ச் 22-லருந்து கொரியாவுல வாய்ப்பு சதவீதத்தை வெளியிடணும்னு சட்டமே வந்துடுச்சு. சீனாவுல 2017-லருந்தே அந்த விதி உண்டு. பெல்ஜியம் 2018-லயே காசு போட்டு வாங்குற லூட் பாக்ஸ் சூதாட்டச் சட்டத்துக்குக் கீழ வரும்னு சொல்லிட்டாங்க, இந்த மாதிரி கட்டுப்பாடுகளாலதான் டயாப்லோ இம்மார்ட்டல்ங்கிற கேம் 2022-ல அங்கயும் நெதர்லாந்துலயும் ரிலீஸே ஆகல.

சரி, எங்க ஊருக்கு என்ன? நாங்க விளையாடுற கேமோட பேரை இங்க போடல, ஏன்னா பிரச்சனை ஒரு கேமோட பிரச்சனை இல்ல. எங்க கில்டுல ஒரு தம்பி, மொபைல் கடையில வேலை, தீபாவளி போனஸ் வந்ததும் அம்மாவுக்குப் புடவை எடுத்தான், மிச்சத்துல ஒரு பகுதியைப் பொட்டியில போட்டான். அவன் ஸ்க்ரீனை நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். பொட்டியோட விலை 80 ஜெம்ஸ் (கேமுக்குள்ள செல்லுற காசு), ஆனா கடையில இருக்கிற சின்ன பேக் 60 ஜெம்ஸ், அதுக்கடுத்தது 300, அதனால பெரும்பாலும் கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சுனதை வெச்சு எதுவும் வாங்க முடியாது, சரி இன்னொரு பேக் போட்டா இன்னொரு பொட்டி வரும்னு கை தானா போகும். ரூபாய் எங்கயும் தெரியாது, எல்லாம் ஜெம்ஸ்லதான் தெரியும். பக்கத்துல ஒரு டைமர் சிவப்பு கலர்ல ஓடிக்கிட்டே இருக்கு, பத்து நிமிஷத்துல இந்த ஆஃபர் போயிடும்னு, அது முடிஞ்சதும் அதே ஆஃபர் வேற பேர்ல திரும்ப வருது. மூலையில ஒரு சின்ன ஐ பட்டன், அதைத் தொட்டா வாய்ப்பு எவ்வளவுன்னு இருக்கும்னு பாத்தா, 'அரிதான பொருள் கிடைக்கலாம்'னு ஒரு வரி. எவ்வளவு அரிது? நூத்துல ஒண்ணா, பத்தாயிரத்துல ஒண்ணா? சப்போர்ட்டுக்கு எழுதிக் கேட்டோம், உங்கள் அனுபவத்தை மேம்படுத்த தொடர்ந்து உழைக்கிறோம்னு பதில் வந்துச்சு.

இந்த மாதிரி அவசரப்படுத்துறது, போலி டைமர் ஓட்டுறது எல்லாம் 2023 நவம்பர்ல நம்ம மத்திய அரசு வெளியிட்ட டார்க் பேட்டர்ன் (வாங்குறவங்களை ஏமாத்துற திரை வடிவமைப்பு) வழிகாட்டுதல்ல பேர் போட்டே இருக்கு, மொத்தம் 13 வகை சொல்லியிருக்காங்க. 2020-ல வந்த இ-காமர்ஸ் விதிகள்ல புகார் வாங்க ஒரு அதிகாரி இருக்கணும், 48 மணி நேரத்துல புகார் கிடைச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும்னு இருக்கு, டிஜிட்டல் பொருளும் அந்த விதியில அடக்கம். இந்தியாவுல யுபிஐ-ல காசு வாங்கத் தெரிஞ்ச உங்களுக்கு இதுவும் தெரிஞ்சிருக்கணும். எங்க கில்டுல ஒருத்தர் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சிருக்காரு, இனிமே எல்லாரும் பதியப் போறோம்.

எங்க பக்கம் தெருவுக்குத் தெரு சீட்டு பிடிக்கிற அக்கா ஒருத்தங்க இருப்பாங்க. மாசா மாசம் கட்டிக்கிட்டு வர்றோம், பத்தாவது மாசம் அந்த அக்கா வந்து 'இனிமே ஏலம் கிடையாது, யாருக்கு சீட்டுன்னு நானே முடிவு பண்ணுவேன், அடுத்த மாசத்தோட சீட்டையும் கலைச்சிடுவேன், கட்டுன காசு போனது போனதுதான், முதல் நாளே கையெழுத்து போட்ட பேப்பர்ல இதெல்லாம் இருக்கு'ன்னு சொன்னா தெருவே அவங்க வீட்டு வாசல்ல நிக்கும். நீங்க எங்களை அக்ரீ பண்ண வைக்கிற அந்த நீளமான அக்ரிமென்ட்ல அப்படியேதான் இருக்கு, எப்ப வேணாலும் மாத்துவோம், எப்ப வேணாலும் நிறுத்துவோம், எதுக்கும் பொறுப்பு இல்லன்னு. கலிஃபோர்னியாவுல 2025 ஜனவரியிலருந்து ஒரு சட்டம் இருக்கு, டிஜிட்டல் கேம் விக்கிறவங்க, இது லைசன்ஸ் மட்டும்தான், எடுத்துக்கப்படலாம்னு வாங்குறதுக்கு முன்னாடியே தெளிவா சொல்லணும். இங்கயும் சொல்லுங்க, தமிழ்லயும் சொல்லுங்க, பட்டன் பக்கத்துலயே சொல்லுங்க.

புயல் நேரத்துல நடந்ததையும் சொல்லணும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு, ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை, புதுச்சேரியில தெருவெல்லாம் தண்ணி. அது வடியுறதுக்குள்ள சாத்தனூர் அணையத் திறந்ததுல தென்பெண்ணையில வெள்ளம் வந்து எங்க பக்கம் கடலூர்ல ஊருக்குள்ள பூந்துச்சு. பல வீட்ல கரண்ட் இல்ல, டவர் இல்ல, போன்ல சார்ஜ் இருந்தா சொந்தக்காரங்களுக்குப் பேசத்தான் அதை வெச்சிருந்தோம். அந்த நேரத்துல எங்க கேம்ல சீசன் கடைசி வாரம். காசு குடுத்து சீசன் பாஸ் (குறிப்பிட்ட தேதிக்குள்ள விளையாடி படிப்படியா பரிசு எடுக்கிற பாஸ்) வாங்கி வெச்சிருந்தவங்க கடைசிப் படிக்கட்டுல நின்னுட்டு இருந்தாங்க, கரண்ட் வந்து லாகின் பண்ணிப் பாத்தா சீசன் முடிஞ்சு போச்சு, பரிசும் போச்சு. கில்டு வார்ல எங்க கோட்டையை யாரும் புடிக்கல, ஏன்னா மலேசியா கில்டு ஒண்ணும் சிங்கப்பூர் கில்டு ஒண்ணும் நியூஸ்ல பாத்துட்டு அவங்களுக்குள்ள பேசி வெச்சு எங்க வாசல்ல காவல் நின்னிருக்காங்க, எங்களுக்கு எதிரி கில்டு அவங்க! அவங்களுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியல. பாஸ் பத்தி நாங்க சப்போர்ட்டுக்கு டிக்கெட் (புகார்) போட்டதுக்கு, தனிப்பட்ட இணையப் பிரச்சனைகளுக்கு நாங்கள் பொறுப்பல்லன்னு பதில் வந்துச்சு. ரெண்டு மாவட்டம் தண்ணியில நின்னது தனிப்பட்ட இணையப் பிரச்சனையா? பாஸுக்கு எக்ஸ்பயரி இருந்தே ஆகணும்னு எந்த சட்டமும் இல்ல, ஹேலோ இன்ஃபினிட் கேம்ல 2021-லயே வாங்குன பேட்டில் பாஸ் (இதே மாதிரி பாஸ்தான்) காலாவதி ஆகாதுன்னு வெச்சுட்டாங்க. ஆள் பயந்து தினம் லாகின் பண்ணணும்னுதான் நீங்க தேதி வெக்கிறீங்க, அது எங்களுக்குத் தெரியும்.

இதுல வீட்டுப் பிரச்சனை வேற. 2025 ஆகஸ்ட்ல காசு வெச்சு ஆடுற ஆன்லைன் கேமுக்கெல்லாம் தடை போட்டு பார்லிமென்ட்ல சட்டம் வந்துச்சு, ரம்மி ஆப்ல காசு விட்டு எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்துச்சுன்னு தமிழ்நாட்டுல யாருக்கும் சொல்லத் தேவையில்ல, அந்தத் தடையில எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. அந்த சட்டமே காசு ஜெயிக்கிற கேம் வேற, பொழுதுபோக்கு கேம் வேறன்னு பிரிச்சு வெச்சிருக்கு. ஆனா எங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட அந்த வித்தியாசத்தை நாங்க எப்படிப் புரிய வைக்கிறது? நாலு பேரு பேசிக்கிட்டு, பிளான் போட்டு, ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தி விளையாடுற விளையாட்டும்மா இதுன்னு சொல்லிட்டு இருக்கும்போதே ஸ்க்ரீன்ல பொட்டி சுத்துது, வெளிச்சம் அடிக்குது, இன்னும் ஒரு தடவை போடுன்னு கூப்பிடுது, அவங்க கண்ணுக்கு அதுவும் ரம்மியும் ஒண்ணாத்தான் தெரியும். நர்சிங் படிக்கிற பொண்ணு ஒருத்தி, எங்க கில்டுல இருந்த நல்ல ஹீலர், இதனாலயே வீட்டுல போனை வாங்கி வெச்சுட்டாங்க. அவ ஒரு பைசா போட்டதில்ல.

இவ்வளவு சொன்னதால கசப்பு மட்டும்தான் இருக்குன்னு நெனைக்காதீங்க. நம்பிக்கையைத் திரும்ப சம்பாதிச்சவங்களும் உங்கள்லயே இருக்காங்க. ஃபைனல் ஃபேன்டசி 14 முதல்ல 2010 செப்டம்பர்ல வந்தப்ப அவ்வளவு மோசம். ஸ்கொயர் எனிக்ஸ் என்ன பண்ணாங்க, தலைமைல இருந்தவங்களே மன்னிப்பு கேட்டாங்க, மாசக் கட்டணம் வாங்குறதை 2012 ஆரம்பம் வரைக்கும் நிறுத்தி வெச்சாங்க, நவோகி யோஷிதாங்கிற தயாரிப்பாளர்கிட்ட பொறுப்பைக் குடுத்தாங்க, அவரு என்ன மாறப்போகுது, எப்ப மாறும்னு பிளேயர்ஸ்க்குத் தொடர்ந்து கடிதம் எழுதிக்கிட்டே இருந்தாரு, பழைய உலகத்தை 2012 நவம்பர்ல கதையோட சேத்து முடிச்சு 2013 ஆகஸ்ட்ல புதுசாத் திறந்தாங்க. 2021 டிசம்பர்ல கூட்டம் தாங்காம க்யூ மணிக்கணக்கா ஆனப்ப, சர்வர் பத்தலன்னு சொல்லி கேம் விக்கிறதையே கொஞ்ச நாள் நிறுத்தினாங்க. கூட்டம் வர்ற நேரத்துல கடையச் சாத்துன பப்ளிஷர்! அதை இன்னிக்கும் ஆளுங்க சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுறாங்க, விளம்பரத்துக்கு எத்தனை கோடி போட்டாலும் அந்தப் பேரு வராது.

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் இன்னொண்ணு. அதோட கம்பெனி ஜேகெக்ஸ் 2013-ல பிளேயர்ஸ் ஓட்டு போட்டுக் கேட்டதால பழைய கேமையே திரும்பத் திறந்தாங்க, பெரிய மாற்றங்களை பெரும்பாலும் கேமுக்குள்ளயே ஓட்டுக்கு விடுறாங்க, 75 சதவீதம் பேரு சரின்னு சொன்னாத்தான் வரும்னு ரொம்ப காலம் இருந்துச்சு, 2022-ல 70 ஆக்கினாங்க. பத்து வருஷம் தாண்டியும் கேம் நல்லா ஓடுது. பிளேயர்ஸ்கிட்ட ஓட்டு குடுத்தா கேம் நாசமாயிடும்னு உங்க மீட்டிங்ல யாராவது சொன்னா இதைக் காட்டுங்க. பிளிசார்ட் 2013-ல பழைய வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் சர்வர் கேட்ட ரசிகருக்கு, வேணும்னு உங்களுக்குத் தோணுது, ஆனா உண்மையில வேணாம்னு மேடையில வெச்சே பதில் சொன்னாங்க, 2016-ல நாஸ்டால்ரியஸ்னு ரசிகர் சர்வரை வக்கீல் நோட்டீஸ் விட்டு மூட வெச்சாங்க, 2019-ல அவங்களே கிளாசிக்னு அதைத் திறந்து கூட்டம் அலைமோதுச்சு. எங்களுக்கு என்ன வேணும்னு எங்களுக்குத் தெரியும்.

கத்துனா நடக்கும்ங்கிறதும் தெரியும். ஈவ் ஆன்லைன்னு ஒரு விண்வெளி கேம்ல 2011-ல அதை நடத்துன ஐஸ்லாந்து கம்பெனி சிசிபி, கேரக்டரோட கண்ணுல மாட்டுற ஒரு ஒத்தைக் கண்ணாடியை சுமார் 60 டாலருக்கு வித்தாங்க, அதே நேரத்துல பேராசை நல்லதா?ன்னு தலைப்பு வெச்ச கம்பெனியோட உள் பத்திரிகை லீக் ஆயிடுச்சு. பிளேயர்ஸ் ஜிட்டாங்கிற சந்தை இடத்துக்குப் போயி அங்க இருந்த நினைவுச் சின்னத்தைச் சுத்தி நின்னு சுட்டுக்கிட்டே இருந்தாங்க, அதை உடைக்க முடியாதுன்னு தெரிஞ்சும். நிறைய பேரு சப்ஸ்கிரிப்ஷனை ரத்து பண்ணாங்க. கம்பெனி பிளேயர்ஸ் தேர்ந்தெடுத்த கவுன்சில் ஆளுங்களை ஐஸ்லாந்துக்கே வரவெச்சுப் பேசினாங்க, அந்த வருஷ அக்டோபர்ல சிஇஓ பகிரங்கமா மன்னிப்புக் கடிதம் எழுதினாரு. அந்த கேம் இன்னும் ஓடுது.

அதனால நாங்க கேக்குறதைச் சொல்லிடறேன், முக்கியமானதை முதல்ல. சர்வரை எது வரைக்கும் கண்டிப்பா ஓட்டுவீங்கன்னு ஒரு தேதி குடுங்க. 'இத்தனாம் வருஷம் இந்த மாசம் வரைக்கும் உறுதி, அதுக்கு மேல நீட்டிச்சா ஆறு மாசம் முன்னாடியே சொல்லுவோம்'னு கடையில, டாப்-அப் பட்டனுக்கு மேல, எல்லாருக்கும் தெரியுற எழுத்துல. நீங்க உள்ளுக்குள்ள பட்ஜெட் போடும்போது அந்தத் தேதி உங்ககிட்ட இருக்கும்தானே, அதை எங்ககிட்டயும் சொல்லுங்க. ரெண்டு வருஷம்தான்னு சொன்னாக்கூட சரி, தெரிஞ்சு வந்து ரெண்டு வருஷம் சந்தோஷமா விளையாடிட்டுப் போறோம். மூடப் போறோம்னு முடிவு பண்ணின நாள்லருந்து ஒரு பொருளும் விக்காதீங்க, மூடப் போற கேமுக்குக் கடைசி மாசம் வரைக்கும் ஆஃபர் போட்டு விக்கிறதை நாங்க கண்ணால பாத்திருக்கோம். மூடின பிறகு ரசிகர்ங்க சர்வர் நடத்த லைசன்ஸ் குடுங்க, ஹோம்கமிங்குக்குக் குடுத்த மாதிரி. பொட்டியில என்ன வாய்ப்புன்னு நம்பர் போடுங்க, மாத்துனா பேட்ச் நோட்ஸ்ல (அப்டேட் குறிப்புல) போடுங்க, விலையை ரூபாய்ல போடுங்க. காசு குடுத்து வாங்குன பொருளோட சக்தியைக் குறைச்சா அந்தக் காசைத் திருப்புங்க. வாங்குன பாஸ் நாங்க விளையாடி முடிக்கிற வரைக்கும் எங்களுதா இருக்கட்டும், ஒரு ஊரே புயல்ல மாட்டிக்கிட்டா டிக்கெட்டுக்கு ஒரு மனுஷன் பதில் எழுதட்டும்.

இதுல எதையும் செய்ய முடியாதுன்னா அதையும் காரணத்தோட சொல்லுங்க, படிப்போம், யோசிப்போம். பதில் வராத வரைக்கும் எங்க கில்டுல ஒரு முடிவு எடுத்திருக்கோம்: புது கேம் எதுக்கும் முன்பதிவு கிடையாது, பொட்டி கிடையாது, மாசக் கட்டணம் மட்டும்தான், அதுவும் மாசா மாசம், வருஷக் கணக்கா மொத்தமா கட்டுறது இல்ல. மலேசியா கில்டும் சிங்கப்பூர் கில்டும் இதுக்கு சரின்னு சொல்லிட்டாங்க, குவைத்துல இருக்கிற எங்க ஆளுங்க அங்க இருக்கிற மலையாள, தெலுங்கு கில்டுங்ககிட்ட பேசிட்டு இருக்காங்க. அடுத்த சீசன் பாஸை நீங்க விக்க வர்றப்ப பக்கத்துல அந்தத் தேதியையும் போட்டிருந்தா, பத்து மணிக்கு மேல நாங்க ஆன்லைன்லதான் இருப்போம்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி கில்டு நண்பர்கள் சார்பா ஒரு பிளேயர்